நிலம் தந்த பல்கலைக்கழகம்

மேல்நிலை வகுப்பில் மரபுக் குறியீடு பற்றிய பாடத்தை நடத்தும்போது ஹர் கோவிந்த் கொரானாவின் பெயரைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. 1968ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர் அவர். இன்றைய பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்னும் சிற்றூரில், நிலவரிக் கணக்கு எழுதும் பட்வாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தொடக்கப் பாடங்களை மரத்தடியில் ஊர் ஆசிரியரிடம் கற்றார். பரிசுக்குரிய ஆராய்ச்சியை அவர் எங்கே செய்தார் என்று கேட்டால், மாணவர்கள் ஹார்வர்டு போன்ற புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களைத்தான் ஊகிப்பார்கள். ஆனால் அது நடந்த இடம், பால் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற விஸ்கான்சின் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம். மாடிசன் நகரில் உள்ள அதன் நொதி ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960 முதல் 1970 வரை அவர் பணியாற்றினார்.

மாட்டுத் தீவனத்தையும் பால் கொழுப்பையும் ஆராயத் தொடங்கிய ஒரு கல்வி நிலையம், உயிரின் குறியீட்டைப் படிக்கும் இடமாக எப்படி வளர்ந்தது? அந்த வளர்ச்சிக்கு யார் விலை கொடுத்தார்கள்? அதன் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பொதுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் பணியாற்றும் நமக்கு இந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல.

கொல்லர் மகன் கொண்டுவந்த சட்டம்

விஸ்கான்சின் 1848ஆம் ஆண்டு மாநிலமானது. அதே ஆண்டு அதன் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. 1849 பிப்ரவரியில் 17 மாணவர்களுடன் முதல் வகுப்பு நடந்தது. அக்கால அமெரிக்கக் கல்லூரிகளில் லத்தீன், கிரேக்கம், தத்துவம், கணிதம் ஆகியவையே முதன்மைப் பாடங்கள். மதபோதகர், வழக்கறிஞர், மருத்துவர் ஆக விரும்பும் வசதியான வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் படித்தார்கள். உழவர் மகனுக்கும் தச்சர் மகனுக்கும் அங்கே இடமும் இல்லை. அவர்களுக்கு வேண்டிய பாடமும் இல்லை.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜஸ்டின் மாரில். கொல்லரின் மகனான அவர் கல்லூரியில் படித்தவர் அல்லர். அவர் கொண்டுவந்த முதல் மசோதாவை 1859இல் அன்றைய குடியரசுத் தலைவர் புக்கானன் நிராகரித்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட அது சட்டமானது. மாரில் சட்டம் என்று அழைக்கப்படுவது அதுதான்.

சட்டத்தின் வழிமுறை எளிமையானது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு மாநிலத்துக்கு உள்ள உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் வீதம் கூட்டாட்சி அரசு நிலம் தரும். மாநிலம் அதை விற்று, கிடைத்த தொகையை நிலைநிதியாக முதலீடு செய்ய வேண்டும். அதன் வட்டியைக் கொண்டு வேளாண்மை, இயந்திரத் தொழில்கள் ஆகியவற்றைக் கற்பிக்கும் கல்லூரியை நடத்த வேண்டும். பிற அறிவியல்களையும் இலக்கியங்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு ஏட்டுக் கல்வியும் தொழிற்கல்வியும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். இவ்வாறு உருவானவை நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் எனப்படுகின்றன.

விஸ்கான்சினுக்கு அப்போது 8 உறுப்பினர்கள் இருந்ததால் 2,40,000 ஏக்கர் கிடைத்தது. 1866இல் மாநில அரசு இந்தப் பொறுப்பை மாடிசன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது.

நம் துறைக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. இப்பல்கலைக்கழகத்தில் பெண்கள் முதன்முதலில் நுழைந்தது ஆசிரியர் பயிற்சிப் பிரிவின் வழியாகத்தான். ஆண்கள் போருக்குப் போயிருந்த 1863இல் அப்பிரிவு தொடங்கப்பட்டது. 1869இல் பெண்கள் பட்டம் பெற்றார்கள்.

யாருடைய நிலம்?

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அரசு கொடையாகக் கொடுத்த நிலம் ஆளில்லாத வெற்று நிலம் அன்று. வட விஸ்கான்சினின் காடுகள் ஒஜிப்வே, மெனோமினி முதலிய தொல்குடி மக்களிடமிருந்து ஒப்பந்தங்கள் என்ற பெயரில் பெறப்பட்டவை. மெண்டோட்டா ஏரிக்கரையில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கும் இடம் ஹோ-சங்க் மக்களின் தாயகம். 1832ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அதன்பின் அவர்கள் பலமுறை வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் மீண்டும் மீண்டும் திரும்பி வந்தார்கள். இன்றும் அம்மாநிலத்தில் வாழ்கிறார்கள்.

இவ்வாறு பெறப்பட்ட நிலமும் நல்ல விலைக்குப் போகவில்லை. விஸ்கான்சின் அரசு அவசரப்பட்டு ஏக்கர் ஏறத்தாழ ஒன்றேகால் டாலருக்கு விற்றது. அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்துக்குக் கிடைத்த 9,90,000 ஏக்கருக்கான நிலப் பத்திரங்களில் பெரும்பகுதியை எஸ்ரா கார்னெல் என்பவர் வாங்கினார். அவற்றைக் கொண்டு அவர் தேர்ந்தெடுத்த நிலங்களில் பெரும்பாலானவை விஸ்கான்சினின் பைன் காடுகள்! அவசரப்படாமல் காத்திருந்து, மரத்தின் மதிப்பு உயர்ந்தபின் விற்றதால், நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகம் விஸ்கான்சினைவிடப் பல மடங்கு நிதி பெற்றது. ஒரே சட்டம், ஒரே மாநிலத்து நிலம். பயன் மட்டும் வேறு வேறு.

இந்த வரலாறு நெடுங்காலம் பேசப்படவில்லை. 2019இல் பல்கலைக்கழக வளாகத்தின் பாஸ்கம் குன்றில், ஹோ-சங்க் மக்கள் வெளியேற்றப்பட்ட வரலாற்றைச் சொல்லும் பலகை நிறுவப்பட்டது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைச் சேர்க்க மறுத்த கல்லூரிகள் இருந்ததால், 1890இல் இரண்டாம் மாரில் சட்டம் வந்து கறுப்பினக் கல்லூரிகளுக்கு வழி செய்தது. தொல்குடிகளின் கல்லூரிகள் இந்தப் பட்டியலில் இடம்பெற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலத்தை இழந்தவர்களுக்கு அந்த நிலத்தால் வளர்ந்த கல்வியில் பங்கு கிடைக்க 132 ஆண்டுகள் ஆயின.

பாலுக்கு ஒரு நீதி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஸ்கான்சின் கோதுமை விளையும் மாநிலமாக இருந்தது. ஒரே பயிரை ஆண்டுதோறும் விதைத்ததால் மண் வளம் குன்றியது, பூச்சிகள் பெருகின, விளைச்சல் வீழ்ந்தது. உழவர்கள் மெல்ல மெல்லக் கறவை மாடுகளுக்கு மாறினார்கள். பல்கலைக்கழகமும் அவர்களைப் பின்தொடர்ந்தது. வயல்கள் பனியால் மூடிக்கிடக்கும் குளிர்காலத்தில் உழவர் வீட்டு இளைஞர்களுக்கான குறுகிய காலப் பயிற்சி 1885இல் தொடங்கியது. 1887இல் நிறைவேறிய ஹேட்ச் சட்டம், நிலக்கொடைக் கல்லூரிகளில் வேளாண் ஆய்வு நிலையங்கள் நடத்த நிதி அளித்தது.

அந்நாளில் பால் வாங்கும் நிலையங்கள் எடையைப் பார்த்தே பணம் கொடுத்தன. கொழுப்பு மிகுந்த பாலுக்கும் தண்ணீர் கலந்த பாலுக்கும் ஒரே விலை. நேர்மையான உழவருக்கு நட்டம், ஏமாற்றுபவருக்கு லாபம். நல்ல மாடு வளர்க்கவும் யாருக்கும் ஊக்கமில்லை. பாலில் உள்ள கொழுப்பை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியும். ஆனால் அதற்கு வேதியியலாளரும் நிறைய நேரமும் வேண்டும். ஊர்ப் பால் நிலையத்தில் அது நடக்காது.

பல்கலைக்கழக வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக் 1890இல் இதற்கு வழி கண்டார். நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குப்பியில் குறிப்பிட்ட அளவு பாலை ஊற்றி, அதனுடன் அடர் கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். கொழுப்பைத் தவிரப் பாலில் உள்ள பிற திடப்பொருள்களை அமிலம் கரைத்துவிடும். கலவையும் சூடாகும். குப்பியை மையவிலக்குக் கருவியில் வைத்துச் சுழற்றினால் அடர்த்தி குறைந்த கொழுப்பு தனியே பிரியும். வெந்நீர் ஊற்றினால் அது கழுத்துப் பகுதிக்கு ஏறி நிற்கும். அங்குள்ள அளவுக்கோடுகளைப் பார்த்துக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று நேரடியாகப் படித்துவிடலாம்.

அந்தக் கோடுகளின் பின்னுள்ள கணக்கு எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியும். சோதனைக்கு எடுக்கும் பால் 18 கிராம். அதில் 1 சதவீதம் 0.18 கிராம். சூடான நிலையில் பால் கொழுப்பின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.9 கிராம். 0.18ஐ 0.9ஆல் வகுத்தால் 0.2. எனவே குப்பியின் கழுத்தில் ஒவ்வொரு 0.2 மில்லிலிட்டரும் ஒரு சதவீதம். கணக்கை ஒருமுறை போட்டுக் கண்ணாடியில் கோடாகப் பொறித்துவிட்டதால், பயன்படுத்துபவர் கணக்குப் போட வேண்டிய தேவை இல்லை.

அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இருவர் ஆளுக்கு 100 கிலோ பால் ஊற்றுகிறார்கள். ஒருவர் பாலில் கொழுப்பு 3 சதவீதம், மற்றவர் பாலில் 4.5 சதவீதம். எடைப்படி இருவருக்கும் ஒரே தொகை. கொழுப்புப்படி முதல்வருக்கு 3 கிலோவுக்கும், இரண்டாமவருக்கு 4.5 கிலோவுக்கும் விலை. ஒன்றரை மடங்கு வேறுபாடு!

பாப்காக் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. முறையை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்புச் சோதனைக்குப் பயன்பட்டுவரும் கெர்பர் முறை சுவிட்சர்லாந்தில் தோன்றியது. அதுவும் கந்தக அமிலத்தையும் மையவிலக்கு விசையையும் கொண்டு அதே அடிப்படையில் இயங்குவதுதான்.

பதினாறு கிடாரிகளும் ஒரு கேள்வியும்

பாப்காக்குக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகியவற்றின் அளவு சமமாக இருந்தால் எந்தத் தீவனமும் ஒன்றுதான் என்று அக்கால வேதியியல் சொன்னது. அவர் அதை நம்பவில்லை. 1907இல் அவருடைய தூண்டுதலால் சக ஆய்வாளர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 16 கிடாரிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு மக்காச்சோளப் பயிரின் தீவனம் மட்டும். இன்னொன்றுக்குக் கோதுமை மட்டும். மூன்றாவதற்கு ஓட்ஸ் மட்டும். நான்காவதற்கு மூன்றும் கலந்து. வேதியியல் கணக்குப்படி எல்லாம் சமம்.

முடிவு சமமாக இல்லை. மக்காச்சோளம் தின்ற மாடுகள் மினுமினுப்பாக வளர்ந்து நல்ல கன்றுகளை ஈன்றன. கோதுமை மட்டும் தின்றவை மெலிந்தன, பார்வை இழந்தன, கன்றுகள் இறந்தே பிறந்தன அல்லது பிறந்ததும் இறந்தன. உணவில் நம் கணக்குக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

அந்த ஒன்றைத் தேடி எல்மர் மெக்காலம் எலிகளிடம் போனார். மாடு வளர நெடுங்காலம் ஆகும். எலி விரைவில் வளரும். எலிகளைப் பராமரிக்கும் பணியில் மார்கரீட் டேவிஸ் என்ற இளம்பெண் தொடக்கத்தில் ஊதியமின்றியே உதவினார். கொழுப்புக்காகப் பன்றிக்கொழுப்பு மட்டும் கொடுத்தபோது எலிகளின் வளர்ச்சி நின்றது. வெண்ணெய்க் கொழுப்பையோ முட்டை மஞ்சள் கருவின் கொழுப்பையோ சேர்த்தபோது மீண்டும் வளர்ந்தன. 1913இல் இருவரும் வெளியிட்ட இந்த முடிவுதான் பின்னாளில் வைட்டமின் ஏ எனப் பெயர்பெற்ற பொருளின் கண்டுபிடிப்பு. கனெக்டிகட் மாநிலத்தில் ஆஸ்பர்ன், மெண்டல் இருவரும் அதே ஆண்டு தனியே இதே முடிவுக்கு வந்தார்கள்.

நம் அங்கன்வாடிகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கப்படுகிறது. குழந்தையின் கண்ணைக் காக்கும் அந்தத் திரவத்துக்குப் பின்னால், பார்வை இழந்த மாடுகளைப் பார்த்து எழுந்த ஒரு கேள்வி இருக்கிறது.

ஒரு கேன் உறையாத இரத்தம்

ஆய்வுக்கூடத்துக்குக் கேள்வி வெளியிலிருந்தும் வரும். 1933 பிப்ரவரியில் பனிப்புயல் வீசிய ஒரு நாளில், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஓர் உழவர் மாடிசனுக்கு வந்து சேர்ந்தார். இறந்த கிடாரி ஒன்றும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தமும், கெட்டுப்போன இனிப்புக் குளோவர் உலர்தீவனமும் அவர் வண்டியில் இருந்தன. மாடுகள் இரத்தம் கசிந்து ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. அவர் தேடி வந்த அலுவலகம் பூட்டியிருந்தது. கதவு திறந்திருந்த கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார்.

வேறு தீவனம் போடுங்கள் என்பதைத் தவிர லிங்க்கால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. வேறு தீவனம் வாங்க அந்த உழவரிடம் பணம் இல்லை. அது பெரும் பொருளாதார மந்தக் காலம். ஆனால் கேள்வி ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிட்டது. பூசணம் பிடித்த தீவனத்திலிருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமரால் என்ற பொருளை லிங்க்கின் குழு 1939இல் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதருக்கான மருந்தாகவும் ஆனது. இரத்தக் கட்டியைத் தடுக்கவும், செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும் இன்றும் உலகெங்கும் அது தரப்படுகிறது.

காப்புரிமை யாருக்காக?

வார்ஃபரின் என்ற பெயரின் முற்பாதி வார்ஃப் என்ற அமைப்பைக் குறிக்கிறது. அது 1925இல் தொடங்கப்பட்ட விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் சுருக்கப் பெயர். அதற்குக் காரணமானவர் ஹாரி ஸ்டீன்பாக். உணவின்மீது புற ஊதாக் கதிர் பட்டால் அதில் வைட்டமின் டி உண்டாகும் என்று அவர் கண்டார். எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயிலிருந்து குழந்தைகளைக் காக்க அது எளிய வழியாக இருந்தது. பாப்காக்கைப் போலன்றி, ஸ்டீன்பாக் காப்புரிமை பெற்றார். அதை இந்த அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, வருமானம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே போகும்படி செய்தார்.

இந்த ஏற்பாடு வருங்கால ஆராய்ச்சிக்கு நிதி தந்தது. ஆனால் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. வெண்ணெய்க்குப் போட்டியான மார்ஜரின் உற்பத்தியாளர்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்த உரிமம் மறுக்கப்பட்டது. விஸ்கான்சின் வெண்ணெய் மாநிலம். உள்ளூர்ப் பால் தொழிலின் நலன் முன்னுக்கு வந்தது. ஆனால் மார்ஜரின் ஏழைகளின் உணவு. வைட்டமின் அதிகம் தேவைப்பட்டவர்களும் அவர்களே. 1940களில் நீதிமன்றம் இந்தக் கேள்வியை எழுப்பியதோடு காப்புரிமையும் செல்லாது என்றது. பொதுப் பல்கலைக்கழகம் என்னும்போது அந்தப் பொதுவில் யார் யார் அடங்குவர் என்ற கேள்விக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வானொலியில் வந்த வகுப்பறை

1904இல் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ், மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பல்கலைக்கழகத்தின் பயன் போய்ச் சேரவேண்டும் என்று வலியுறுத்தினார். இதுவே விஸ்கான்சின் கோட்பாடு என்று பெயர்பெற்றது. பல்கலைக்கழகத்தின் எல்லை வளாகச் சுவர் அன்று, மாநிலத்தின் எல்லை என்பது அதன் சாரம். பேராசிரியர்கள் சட்டம் வரைய உதவினார்கள். 1935இல் நாடு முழுமைக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கிய குழுவை வழிநடத்திய எட்வின் விட் இங்குப் பொருளியல் பேராசிரியர். வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் மாவட்டந்தோறும் சென்றார்கள். 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் அப்பணியை நாடு முழுமைக்கும் நிலைப்படுத்தியது.

நம்மைப் பெரிதும் ஈர்ப்பது வானொலிப் பணி. இயற்பியல் துறையினர் கட்டிய சோதனை நிலையம் முதலில் வானிலைச் செய்திகளையும் சந்தை விலைகளையும் ஒலிபரப்பியது. 1931இல் அதே நிலையம் 'விஸ்கான்சின் வானொலிப் பள்ளி' என்ற நிகழ்ச்சி வரிசையைத் தொடங்கியது. அப்போது கிராமங்களில் ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் கொண்ட பள்ளிகள் ஏராளம். எட்டு வகுப்புகளையும் ஒருவரே நடத்தும் இடத்தில் இசைக்கும் ஓவியத்துக்கும் தனி ஆசிரியரை எங்கே தேடுவது? பேராசிரியர் எட்கர் கார்டன் வானொலியில் பாடக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகள் வகுப்பறையில் இருந்தபடியே உடன் பாடினார்கள். 'ரேஞ்சர் மேக்' என்ற பெயரில் வேக்லின் மெக்நீல் இயற்கையைப் பற்றிப் பேசினார். கேட்ட பிள்ளைகள் வெளியே சென்று பறவைகளையும் மரங்களையும் பார்த்தார்கள். ஆசிரியரின் இடத்தை வானொலி எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் துணையாக நின்றது. கல்வித் தொலைக்காட்சியையும் திறன்பலகையையும் கையாளும் நமக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

சலித்தலும் புடைத்தலும்

மக்கள் வரிப்பணத்தில் நடப்பதால், ஆட்சியில் இருப்பவர்கள் விரும்புவதை மட்டும் கற்பிக்க வேண்டுமா? இந்தக் கேள்வி 1894இல் எழுந்தது. பொருளியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஈலி வேலைநிறுத்தங்களை ஆதரிக்கிறார், சோஷலிசத்தைப் பரப்புகிறார் என்று மாநிலப் பள்ளிக் கல்வித் தலைவரே குற்றம் சாட்டினார். ஆட்சிக்குழு விசாரித்து, ஈலியைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அத்தோடு நில்லாமல், உண்மையைக் கண்டறிய அச்சமின்றிச் சலித்தும் புடைத்தும் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்றும் எழுதி வைத்தது. முறத்தால் தூசு நீக்கும் அந்த உவமை நமக்குப் புதிதன்று. 1910ஆம் ஆண்டு மாணவர்கள் அச்சொற்களைப் பலகையில் வார்த்து அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். நிருவாகம் தயங்கியதால் 1915இல்தான் அது பாஸ்கம் மண்டபத்தில் பொருத்தப்பட்டது.

2015இல் மாநில ஆளுநரின் வரவு செலவுத் திட்ட வரைவு, உண்மையைத் தேடுதல், மக்கள் நிலையை மேம்படுத்துதல் ஆகியவை பற்றிய சொற்களைப் பல்கலைக்கழகச் சட்டத்திலிருந்து நீக்க முற்பட்டது. பொதுமக்கள் எதிர்ப்பு கிளம்பவே அது கைவிடப்பட்டது. எழுதி வைத்தது நிலைக்க, ஒவ்வொரு தலைமுறையிலும் அதைக் கேட்க ஆள் வேண்டியிருக்கிறது.

இன்று அங்கு ஏறத்தாழ 50,000 பேர் படிக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. மனிதக் கருமூல உயிரணுக்களை முதன்முதலில் பிரித்து வளர்த்த ஜேம்ஸ் தாம்சன் 1998இல் அதைச் செய்தது இங்கேதான். அதே நேரத்தில் மாநில அரசின் நிதிப் பங்கு முன்பைவிடக் குறைந்து, மாணவர் கட்டணம் உயர்ந்திருக்கிறது. இதை ஈடுசெய்ய, குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்ட விஸ்கான்சின் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்னும் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது.

நம் வகுப்பறைக்கு

நிலக்கொடைப் பல்கலைக்கழக வடிவம் நம் நாட்டுக்கும் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1960இல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியது. கோயம்புத்தூரில் வேளாண் கல்லூரியாக இருந்தது 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்னும் மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருப்பது இந்த வடிவத்தின் அடையாளம். நம் மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகி மண் பரிசோதனை, பூச்சிக் கட்டுப்பாடு, விதைத் தேர்வு ஆகியவை பற்றிக் கேட்கலாம். பள்ளியிலிருந்து களப்பயணம் செல்லவும் அவை ஏற்ற இடங்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை சில உண்டு. கறவை மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் பால் சங்கம் தரும் ரசீதைக் கொண்டுவரச் சொல்லலாம். கொழுப்பு, பிற திடச்சத்து, லிட்டர் விலை ஆகியவற்றை வைத்துச் சதவீதக் கணக்கும் வரைபடமும் போடலாம். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் கொழுப்பில் வேறுபாடு உண்டா என்று ஒரு மாத ரசீதுகளைக் கொண்டு கண்டறியலாம். அமிலச் சோதனையை மாணவர்கள் செய்யக்கூடாது. சங்கத்துக்கு அழைத்துச் சென்று சற்று விலகி நின்று காணச் செய்யலாம். சமூக அறிவியல் வகுப்பில், நம் பள்ளி நிற்கும் இடம் யாரால் தரப்பட்டது, அதற்குமுன் யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லலாம்.

ஒரு கேள்விப் பெட்டியும் வைக்கலாம். வீட்டில், வயலில், கடையில் பெரியவர்களுக்கு விடை தெரியாத கேள்விகளை மாணவர்கள் எழுதிப் போடட்டும். மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விடை தெரிந்தவரிடம் பள்ளியின் பெயரில் கடிதம் எழுதிக் கேட்கலாம். பதில் வந்ததும் அதை எழுதிக் கொடுத்த மாணவரே காலை வணக்கக் கூட்டத்தில் படிக்கட்டும். பிறகு வீட்டுக்கும் எடுத்துச் சென்று சொல்லட்டும்.